மலிவு என்னும் சொல்லும் இண்டிகோவின் பேரேடும்

'மலிவு' என்றால் இன்று நமக்கு விலைக்குறைவு என்ற பொருள்தான் முதலில் தோன்றுகிறது. அச்சொல்லின் பழைய பொருள் மிகுதி என்பதாகும். மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். நீர் மலிந்த ஏரி என்றும் மலர் மலிந்த சோலை என்றும் இப்போதும் எழுதுகிறோம். சந்தையில் ஒரு பொருள் நிறைந்தால் அதன் விலை இறங்கும்; இந்தக் காரணமும் காரியமும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அமர்ந்துவிட்டன. 'தக்காளி மலிந்துவிட்டது' என்று சந்தைக்காரர் சொல்லும்போது வரத்து கூடியதையும் விலை குறைந்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஒரு விமான நிறுவனத்தின் வரவுசெலவைப் பற்றி எழுத வந்ததற்கு இச்சொல்லே காரணம். நாளிதழ்கள் 'மலிவு விலை விமானம்' என்று எழுதுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் இவ்வகை நிறுவனங்களுக்கு வழங்கும் பெயர் பயணச்சீட்டின் விலையைக் குறிப்பதன்று. நிறுவனத்தின் செலவைக் குறிப்பது. நேராகத் தமிழாக்கினால் 'குறைசெலவு விமானம்' என்றே வரும். இரண்டும் ஒன்றல்ல. செலவைக் குறைத்த நிறுவனம் சீட்டின் விலையையும் குறைத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே இத்தகைய நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் படிப்போர், இலாபம் எவ்வளவு என்று பார்ப்பதோடு, எந்தச் செலவு குறைக்கப்பட்டது, அது யாருடைய பங்கிலிருந்து குறைந்தது என்றும் கேட்க வேண்டும். இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் கணக்கை அவ்வாறு படித்துப் பார்க்கலாம்.

முதலில் எண்கள். 2024-25 நிதியாண்டில் இண்டிகோ 11.86 கோடிப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் செயல்பாட்டு வருவாய் முதன்முறையாக 80,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நிகர இலாபம் 7,258 கோடி. 2025 மார்ச் இறுதியில் அதனிடம் 434 விமானங்கள் இருந்தன. நாளொன்றுக்கு 2,200க்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்தன. கொரோனாத் தொற்றை ஒட்டிய மூன்றாண்டுகளில், அதாவது 2020-21 முதல் 2022-23 வரை, ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய் நட்டப்பட்ட நிறுவனம் இது. விழுந்த இடத்திலிருந்து இவ்வளவு விரைவாக எழுந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது இன்னொரு செய்தி புலப்படுகிறது. 2023-24இல் பயணிகள் 10.67 கோடி, இலாபம் 8,172 கோடி. ஓராண்டில் பயணிகள் தொகை நூற்றுக்குப் பதினொன்று கூடியிருக்கிறது. இலாபம் நூற்றுக்குப் பதினொன்று குறைந்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால், 2023-24இல் பயணி ஒருவர் வழியாக நிறுவனத்துக்குச் சற்றேறக்குறைய 765 ரூபாய் மிஞ்சியது. அடுத்த ஆண்டில் அது 610 ரூபாய். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தொழிலில் இறுதியில் கையில் நிற்பது ஒரு குடும்பம் நல்ல உணவகமொன்றில் ஒருவேளை சாப்பிடும் பணம். இது மிக மெல்லிய விளிம்பில் நடக்கும் வணிகம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். விமான எரிபொருள் இன்றுவரை சரக்கு மற்றும் சேவை வரியின் கீழ் வரவில்லை. மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி வரி விதிக்கின்றன. விமான வாடகையும் உதிரி உறுப்புகளின் விலையும் டாலரில் செல்ல, பயணச்சீட்டின் பணமோ பெரும்பாலும் ரூபாயில் வருகிறது. ரூபாய் சரிந்தால் இலாபமும் சரியும்.

இந்த விளிம்பில் கால் இடறியவர்களின் பட்டியல் நீளமானது. குறைசெலவுப் பயணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஏர் டெக்கான் 2003இல் பறக்கத் தொடங்கியது. ஒரு ரூபாய்க்குச் சீட்டு விற்று நாட்டையே வியக்க வைத்தது. அதனை நிறுவிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்ட 'சூரரைப் போற்று' 2020இல் வந்ததை நண்பர்கள் அறிவார்கள். திரையில் நாயகன் சோழவந்தான்காரர். மெய்யான கோபிநாத் கர்நாடகத்தின் கோரூரில் வளர்ந்தவர். திரைப்படம் விமானம் மேலெழும் இடத்தில் நிறைவுறுகிறது. பேரேடு அங்கேதான் தொடங்குகிறது என்பதால், திரையில் வராத பகுதியையும் சொல்ல வேண்டும். ஏர் டெக்கானின் பங்குகளை 2007இல் கிங்ஃபிஷர் வாங்கியது, பெயர் மாறியது, 2012இல் கிங்ஃபிஷரே தரையிறங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் ஊதிய பாக்கியோடு ஊழியர்களும், பணம் திரும்பாத சீட்டுகளோடு பயணிகளும் தெருவில் நின்றார்கள்.

இவர்கள் அனைவரும் வீழ்ந்த தொழிலில் இண்டிகோ வென்றது எப்படி? விடை எளியது. ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் தொடங்கிய இந்நிறுவனம் 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே, 2005இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. மொத்தமாக வாங்குவோருக்கு விலை குறையும் என்பது மளிகைக் கடையிலும் உண்மை. விமானத் தொழிற்சாலையிலும் உண்மை. பல ஆண்டுகள் ஒரே குடும்பத்து விமானங்களையே வைத்திருந்ததால் விமானிக்கும் பொறியாளருக்கும் ஒரே பயிற்சி போதும். உதிரி உறுப்பும் ஒரே வகைதான். இலவச உணவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விமானத்தைத் தரையில் நிற்க விடுவதில்லை. இறங்கிய விமானம் அரைமணி நேரத்துக்குள் துப்புரவாகி, எரிபொருள் நிரப்பி, அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். நிற்கும் விமானம் வாடகையைத் தின்னும். பறக்கும் விமானமே சம்பாதிக்கும். இந்தச் சூத்திரத்தை இண்டிகோவைப் போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் இந்தியாவில் வேறெவரும் இல்லை.

இதனால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வாழ்நாளில் விமானத்தை வானில் மட்டுமே பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று நேர்காணலுக்கும் மருத்துவத்துக்கும் பறக்கிறார்கள். நம் கல்லூரிகளில் படித்து வெளியேறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் விமான நிலையங்களில் வேலை பெற்றிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இண்டிகோவின் சிறுவிமானம் பறக்கத் தொடங்கியது; அதே ஆண்டு டிசம்பரில் பினாங்குக்கும் நேர்வழி திறந்தது. கொழும்புக்குச் சென்று அங்கிருந்து இரவெல்லாம் பேருந்திலோ இரயிலிலோ வடக்கே போக வேண்டியிருந்த முதியவர்களுக்கு, ஒன்றேகால் மணி நேரத்தில் பலாலியில் இறங்குவது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அந்த உறவுகள் உள்ள குடும்பங்கள் அறியும். மலிவு என்பதன் பழம்பொருள், மிகுதி என்னும் பொருள், இங்கே மெய்யாகியிருக்கிறது.

இனி வளர்ச்சித் திட்டத்துக்கு வருவோம். 2023 ஜூன் மாதம் பாரிஸ் வான்காட்சியில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. வணிக விமான வரலாற்றில் அதுவரை யாரும் ஒரே முறையில் அத்தனை வாங்கியதில்லை. 2005 முதல் அந்நிறுவனம் ஏர்பஸ்ஸிடம் கேட்டிருக்கும் ஏ320 குடும்ப விமானங்கள் மொத்தம் 1,330. இவற்றுக்கு மேல் தொலைதூரம் பறக்கும் ஏ350 விமானங்கள் 30 வேண்டுமென்று 2024 ஏப்ரலில் கேட்டது. 2025இல் அதை 60 ஆக உயர்த்தியது. 2025 ஜூலையில், குத்தகைக்கு எடுத்த பெரிய போயிங் விமானங்களைக் கொண்டு மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் சேவை தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே இருக்கை என்றிருந்த நிறுவனம் 2024இல் டெல்லி மும்பை வழியில் உயர்வகுப்பையும் திறந்தது. இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுவனத்தின் அளவை இருமடங்காக்குவதே இலக்கு என்று தலைமை அறிவித்தது.

இத்திட்டங்களைப் படிக்கும்போது நம்முள் எழுந்த வினா ஒன்றுதான். விமானத்தை ஆணையிட்டு வாங்கலாம். காத்திருந்தால் தொழிற்சாலை செய்து கொடுக்கும். அந்த விமானத்தை ஓட்டும் மனிதரின் உறக்கத்தை எங்கே ஆணையிடுவது?

இது அணிக்காகக் கேட்ட வினா அன்று. 2025 டிசம்பரின் முதல் வாரம் இதற்கு விடை சொல்லிவிட்டது.

பின்னணி இது. விமானிகளின் களைப்பு விபத்துக்குக் காரணமாகலாம் என்பதால், பணி நேர விதிகளை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்தி வெளியிட்டது. வாரத்தில் தொடர்ச்சியான ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. 'இரவு' என்று கணக்கிடப்படும் நேரம் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஒரு விமானி ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. 2024 ஜூனிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதிகள் தள்ளிப்போயின. டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு சென்ற பிறகு, முதற்கட்டம் 2025 ஜூலை 1 முதலும் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதலும் அமலாயின. அதாவது, ஆயத்தமாவதற்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் கிடைத்தன.

அத்தனை அவகாசத்துக்குப் பிறகும் டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்று நாளில் இண்டிகோவின் 2,507 பயணங்கள் நீக்கப்பட்டன. 1,852 பயணங்கள் தாமதமாயின. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வழியில் சிக்கினர். இவை இயக்குநரகமே பின்னர் வெளியிட்ட எண்கள். டிசம்பர் 5 அன்று டெல்லியிலிருந்து அந்நிறுவனத்தின் உள்நாட்டு விமானம் ஒன்றும் கிளம்பவில்லை. பிற நிறுவனங்களின் சீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போக, அரசு தலையிட்டு 500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்துக்கு 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்டதற்கு 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்ட வேண்டியதாயிற்று. மிகவும் பாதிக்கப்பட்டோருக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள பயணச் சலுகைச் சீட்டு தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதுவும் அதே நிறுவனத்தில் மீண்டும் பறப்பதற்கே.

காரணத்தை ஆராய்ந்த குழு சொன்னது நம் கட்டுரையின் மையத்துக்கு வந்து சேர்கிறது. பணியாளரையும் விமானத்தையும் வழித்தடத்தையும் இயன்ற அளவுக்கும் மேலாகப் பயன்படுத்தும் ஆர்வத்தில், பணிப்பட்டியலில் இருக்க வேண்டிய இடைவெளி மிகவும் குறைந்துபோனது என்பதே அக்குழுவின் முடிவு. எளிய தமிழில் சொன்னால், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மாற்றாள் வேண்டும். மாற்றாள் என்பவர் பெரும்பாலான நாட்களில் சும்மா இருப்பவர். சும்மா இருப்பவருக்கும் ஊதியம் தர வேண்டும். குறைசெலவின் கண்ணில் அது வீண் செலவாகத் தெரிந்தது.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னதை வகுப்பறையில் பல்லாண்டுகளாக நடத்தி வருகிறோம். இறகின் எடை என்ன எடை என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அச்சு முறியும். ஒரு விமானியின் ஒருநாள் பணியில் இன்னும் ஒரு தரையிறக்கம், ஓய்வில் இன்னும் இரண்டு மணி நேரக் குறைவு என்பவை தனித்தனியே பார்த்தால் இறகுகளே. அவற்றை அடுக்கியே ஆண்டறிக்கையின் இலாபம் எழுகிறது. அச்சின் வலிமையை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சிக்கனத்தைக் குறை சொல்லலாமா? சிக்கனம் இல்லாத நிறுவனங்கள் மூடிக்கிடக்கின்றனவே? நியாயமான மறுப்புத்தான். ஆனால் சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்பதை நம் வீடுகள் அறியும். விருந்துச் செலவைக் குறைத்து விதைநெல்லைக் காப்பவர் சிக்கனக்காரர். விதைநெல்லையே குத்திப் பொங்கல் வைப்பவரை அப்படிச் சொல்வதில்லை. ஒரே வகை விமானம் வைத்துக்கொள்வது சிக்கனம். மொத்தமாக வாங்குவது சிக்கனம். உணவைக் காசுக்கு விற்பதும் அவ்வாறே. வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம். விமானியின் ஓய்வு இவ்வரிசையில் வராது. அது பயணியின் உயிருக்கு ஈடாக வைக்கப்பட்ட விதைநெல்.

நமக்கு இதைவிடக் கவலை தருவது அரசின் நடத்தை. குழப்பம் மூண்டதும், புதிய இரவு விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. வாராந்தர ஓய்வுக்கு ஈடாக விடுப்பைக் கணக்குக் காட்டக்கூடாது என்ற கட்டளையும் நிறுத்திவைக்கப்பட்டது. விதியைக் கடைப்பிடிக்க ஆயத்தமாகாதவருக்கே விதி தளர்ந்தது. ஆயத்தமான சிறிய நிறுவனங்கள் ஏமாந்தவை ஆயின. சிக்கிக்கொண்ட இலட்சக்கணக்கானோரை வீடு சேர்க்க வேறு வழியில்லை என்று அரசு சொல்லக்கூடும். அது உண்மையும்கூட. 2025இல் உள்நாட்டில் பறந்த நூறு பேரில் அறுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது அந்த ஒரே நிறுவனம். அது நின்றால் நாடு நிற்கும் என்ற நிலை வந்த பிறகு, விதியை வளைப்பதைத் தவிர அரசின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிகுதியிலிருந்து பிறந்த மலிவு, ஒருவரின் கையில் மட்டும் மிகுந்தபோது, கடைசியில் அந்த ஒருவரிடம் மற்றவர் எல்லோரும் கையேந்த வேண்டியதாயிற்று.

தண்டனையையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரியில் இயக்குநரகம் விதித்த அபராதம் 22.20 கோடி ரூபாய். 2024-25இன் இலாபத்தை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கோடி. மூன்று இலட்சம் பேரின் அலைச்சலுக்கு விலை, சற்றேறக்குறைய ஒரு நாள் இலாபம். மாற்று விமானிகளை ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்து வைத்திருப்பதைவிட அபராதம் கட்டுவது இலாபகரமானது என்று ஒரு கணக்கர் சொன்னால் அவரை மறுக்க நம்மிடம் எண் இல்லை. ஆயினும் சந்தை தன் தண்டனையை வேறு வகையில் கொடுத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் நிறுவனத்தின் இலாபம் 549 கோடியாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் அது 2,449 கோடி. புதிய தொழிலாளர் சட்டங்களுக்காக ஒதுக்கிய தொகையும் ரூபாயின் சரிவும் இதில் சேர்ந்திருந்தாலும், டிசம்பர்க் குழப்பத்தின் பங்கு சிறிதன்று. ஓய்வை மிச்சம் பிடித்தது மிச்சமாகவும் நிற்கவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இவை. வளர்ச்சியை அறிவிக்கும் ஆண்டறிக்கையில் எத்தனை விமானம், எத்தனை ஊர் என்பதோடு, விமானம் ஒன்றுக்கு எத்தனை விமானிகள், அவர்களில் மாற்றாளாகக் காத்திருப்போர் எத்தனை பேர், சராசரி ஓய்வு எவ்வளவு என்பனவும் இடம்பெற வேண்டும். பங்குதாரர்கள் இதைக் கேட்க வேண்டும். ஏனெனில் இதுவே அவர்கள் முதலீட்டின் அச்சு. புதிய விமானங்களுக்கும் புதிய வழித்தடங்களுக்கும் ஒப்புதல் தருமுன் அவற்றுக்குரிய விமானிகள் பயிற்சி முடித்துப் பணியில் இருக்கிறார்களா என்று இயக்குநரகம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்வு விதிக்கு எக்காரணத்தாலும், எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும், விலக்கு இருக்கலாகாது. விமான நிலையங்களில் இறங்கும் நேர ஒதுக்கீட்டில் சிறிய நிறுவனங்களுக்கும் இடம் கிடைக்க வேண்டும்; ஒருவர் நின்றால் இன்னொருவர் ஏற்றிச் செல்லும் நிலை வேண்டும்.

இண்டிகோ வளரட்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் விமானங்கள் பெருகட்டும். இன்னும் பறந்திராத ஊர்களுக்கு அதன் சிறகு நீளட்டும். அதன் வீழ்ச்சியில் மகிழ நமக்கு ஒன்றும் இல்லை. ஜெட்டும் கிங்ஃபிஷரும் வீழ்ந்தபோது இழந்தவர்கள் ஊழியர்களும் பயணிகளுமே. ஆனால் விடிகாலை நான்கு மணிக்கு மேகத்துக்கு மேலே நூற்றெண்பது பேர் உறங்கிக்கொண்டிருக்க, முன்னறையில் இருவர் விழித்திருக்கிறார்கள். அந்த இருவரும் முந்தைய நாட்களில் போதுமான அளவு உறங்கியிருந்தார்களா என்பதை, அடுத்த ஆண்டறிக்கையைத் திறக்கும்போது இலாபத்தைத் தேடும் அதே கண்களால் நாம் தேடிப் பார்க்க வேண்டும்.